குழந்தைகளின் படநூல்: ஒரு வரலாற்றுப் பார்வை

சென்ற ஆண்டு தீபாவளிக்கு நான்கு நாள் முன்னதாக, ஊரிலிருந்து நம் அன்னையார் ஒரு பலகாரப் பெட்டி அனுப்பியிருந்தார்கள். முறுக்கு ஒரு டப்பாவிலும் அதிரசம் ஒரு டப்பாவிலுமாக அடுக்கி, மேலே பேத்திக்கென்று ஒரு சீட்டும் எழுதி வைத்திருந்தார்கள். எட்டு வயதான நம் மகள் அந்தச் சீட்டை ஆவலோடு எடுத்தாள்; நேராகப் பார்த்தாள்; தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். பின்னர் ஒன்றும் சொல்லாமல் அதை நம் கையில் கொடுத்துவிட்டு முறுக்கு டப்பாவைத் திறக்கலானாள்.

பள்ளியில் அவள் தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும் பயில்கிறாள்; வீட்டில் தமிழ் பேசுகிறாள். நான்கு மொழி அறிந்த குழந்தை என்று பிறர் புகழக் கேட்டு நாமும் மகிழ்ந்திருந்தோம். மூன்று மொழிகளின் எழுத்தை அறிந்தவள் தன் பாட்டியின் எழுத்தை மட்டும் அறியவில்லை என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது. இதற்குப் பள்ளியைக் குறைகூற இடமில்லை. அலுவலகத்தில் பதிவேடுகளை வரி பிசகாமல் எழுதி முடிக்கும் நாம், வீட்டில் ஒரு குழந்தைக்கு உயிரெழுத்துப் பன்னிரண்டைக் கற்பிக்க நேரமில்லை என்று சொல்லியே எட்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். குற்றம் நம்முடையதே.

நம் காலனியில் அன்பர் பலருடைய இல்லங்களிலும் இதே நிலைமை இருப்பதை அறிவோம். ஆகவே, ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கச் செயலாளர் கேட்டபோது, பெரும்பொருள் எதனையும் நாடாமல், குழந்தைகளின் படநூலைப் பற்றி எழுத முற்பட்டோம். படமுள்ள நூலைக் குழந்தை விரும்பும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் சில நூல்களை ஒருமுறை புரட்டிவிட்டு எறிந்துவிடுவதும், சிலவற்றை அட்டை கிழியும்வரை விடாதிருப்பதும் ஏன்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், அந்த விடையின் ஒரு பகுதி நாம் வாழும் இந்தச் சீமையிலேயே கிடைப்பதைக் காண்கிறோம்.

எல்லை நிலத்துக் குழந்தைகள்

தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடத்தை வட எல்லையாகக் குறிப்பதை அன்பர்கள் அறிவர். அம்மலையின் அடிவாரத்தில்தான் நாம் குடியிருக்கிறோம். 1911-ஆம் ஆண்டில் வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. அக்காலத்தில் இஃது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. நெடிய கிளர்ச்சிக்குப் பின்னர், 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. 2022-இல் திருப்பதியே ஒரு தனி மாவட்டமாயிற்று.

கோடு எங்கெங்கு விழுந்தபோதிலும், சித்தூர்க் கடைத்தெருவில் இன்றும் இரண்டு மொழியும் ஒருங்கே கேட்கின்றன. பேச்சு அவ்வாறு பிழைத்துக்கொண்டது. எழுத்தோ அவ்வாறு தானாகப் பிழைப்பதன்று. பேச்சைத் தாய் மடியிலிருந்தே குழந்தை பெற்றுக்கொள்கிறது. எழுத்தை யாரேனும் உட்கார்ந்து காட்டவேண்டும். பள்ளியில் அது கிடைக்காத இடத்தில், வீட்டுக்கு வரும் நூலே ஆசிரியராக வேண்டியிருக்கிறது. அத்தகைய நூல், குழந்தை தானே தேடி வந்து திறக்கும் நூலாக இருத்தல் வேண்டும். இங்கேதான் படத்தின் துணை தேவையாகிறது.

எழுத்தறியாதார்க்குப் படம் செய்யும் உதவியை நம் நிலையத்திலேயே நாள்தோறும் காண்கிறோம். திருமலை நாடி எத்தனையோ மாநிலங்களிலிருந்து யாத்திரிகர் வருகின்றனர். பலகையிலுள்ள எழுத்தைப் படிக்கத் தெரியாதவரும், குழாயின் படத்தைக் கண்டு குடிநீரை நாடிச் செல்கின்றனர். படம் எழுத்தின் பொருளைச் சொல்லிவிடுகிறது. குழந்தையும் ஒருவகையில் அவ்வூருக்குப் புதிதாக வந்திறங்கிய பயணியே.

துணியில் எழுதிய கதை

ரேணிகுண்டாவுக்கும் கூடூருக்கும் இடையில் உள்ள காளத்தி, கோயிலுக்கு மட்டுமன்றி கலம்காரி என்னும் துணி ஓவியத்துக்கும் பெயர்பெற்றது. கலம் என்பது எழுதுகோல். காரி என்பது தொழில். இரண்டும் பாரசீகச் சொற்கள். மூங்கில் குச்சியின் நுனியைக் கூராகச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளி நூலைச் சுற்றிக் கட்டி, அதில் சாயத்தை ஊறவைத்துக் கையாலேயே வரைவர். துணியை முதலில் கடுக்காயிலும் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த நீர், கடுக்காய் ஏறிய அத்துணியில் பட்டவுடன் கறுப்புக் கோடாகிறது. இக்கலை நலிந்திருந்த காலத்தில், 1957-இல், கமலாதேவி சட்டோபாத்தியாயா அம்மையாரின் முயற்சியால் காளத்தியில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அவ்வூர்க் கலைஞரான ஜொன்னலகட்ட குரப்ப செட்டி அவர்களுக்கு 2008-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இக்கலம்காரித் திரையை ஒரு பெரிய படநூல் என்றே சொல்லலாம். நடுவில் பட்டாபிஷேகம் போன்ற ஒரு பெரிய காட்சி. அதனைச் சுற்றி வரிசை வரிசையாகச் சிறு கட்டங்கள். கட்டங்களுக்கு மேலே கதையைச் சுருங்கச் சொல்லும் தெலுங்கு எழுத்து வரி. இராமனும் கண்ணனும் நீலம், அனுமன் பச்சை, அரக்கர் சிவப்பு என்று வண்ணங்களுக்கும் ஒரு மரபு உண்டு. கட்டத்துக்குக் கட்டம் இடமும் ஆட்களும் மாறினாலும், நீல உருவத்தைக் கண்ட மாத்திரத்தில் இராமனைக் கண்டுகொள்ளலாம்.

சென்ற கோடையில் நம் மகளை அங்கே அழைத்துச் சென்றோம். எழுத்து வரியை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. பச்சை உருவத்தை விரலால் தொடர்ந்து, கட்டம் கட்டமாகக் கதையைச் சொல்லிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கதை பிடிபடாமல் நின்றது. அப்பொழுதுதான் மேலே இருந்த தெலுங்கு வரியைப் படித்தாள். படம் அவளை நடத்திச் சென்றதையும், படம் நின்ற இடத்தில் எழுத்து அவளுக்குத் தேவைப்பட்டதையும் நேரில் கண்டோம். நல்ல படநூலின் இரகசியம் இதுவாக இருக்குமோ என்னும் எண்ணம் அங்கேதான் நமக்கு எழுந்தது.

நாடிழந்த ஒருவர் செய்த நூல்

காளத்தித் திரை பெரியோர்க்கும் சிறியோர்க்கும் பொதுவானது. குழந்தைகளுக்கென்றே அச்சிட்ட படநூலின் வரலாற்றை எழுதும் மேலைநாட்டார் பெரும்பாலும் ஒரு நூலிலிருந்தே தொடங்குகின்றனர். அது 1658-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நூரன்பர்க் நகரில் வெளிவந்தது. அதனை எழுதியவர் கொமேனியஸ் என்னும் கல்வியாளர். அவர் மொராவியா நாட்டில் 1592-இல் பிறந்தார். சமயத்தின் பெயரால் நேர்ந்த கொடுமைகளால் 1628-இல் தாயகத்தைத் துறந்து வெளியேறினார். போலந்து, ஹங்கேரி முதலிய நாடுகளில் வாழ்ந்து, 1670-இல் அயல்நாட்டிலேயே காலமானார்.

அவருடைய நூலில் 150 பாடங்கள் உண்டு. பாடந்தோறும் மரத்தில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம். படத்திலுள்ள பொருள்களுக்கு 1, 2, 3 என்று எண்கள் இடப்பட்டிருக்கும். படத்தின் கீழே ஒரு பத்தியில் இலத்தீனும் மறுபத்தியில் ஜெர்மன் மொழியும் அமைந்து, அதே எண்களைத் தாங்கி நிற்கும். தொடக்கத்தில் எழுத்துகளைக் கற்பிக்கும்போதும் வெறும் எழுத்தைக் காட்டாமல், காகம் கரைவதையும் ஆடு கத்துவதையும் படமாக்கி அந்த ஒலியோடு எழுத்தைச் சேர்த்தார். மறு ஆண்டே அந்நூல் ஆங்கிலத்திலும் வந்தது.

அன்பர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். படநூல்களின் முன்னோடியாகக் கருதப்படும் அந்நூலே இருமொழி நூலாக இருந்தது. வீட்டில் பேசும் மொழி ஒரு பக்கம், பள்ளியில் கற்கும் மொழி ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் இரண்டையும் பிணைக்கும் ஒரு படம். தாய்நாட்டை விட்டு அயல் மொழிகளுக்கிடையே வாழ்ந்த ஒருவரிடமிருந்து இந்நூல் தோன்றியதில் வியப்பில்லை. நம்மைப்போல் வெளியூரில் பிள்ளை வளர்ப்போரின் கவலையை அவர் நன்கு உணர்ந்திருப்பார்.

ஒரே படம், இரண்டு எழுத்து

கொமேனியஸ் ஒரு நூலுக்குள் செய்ததை, ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின்னர், சென்னையில் இருவர் இரண்டு இதழ்களைக் கொண்டு செய்தனர். 1947 ஜூலையில் தெலுங்கில் ‘சந்தமாமா’வும் தமிழில் ‘அம்புலிமாமா’வும் வெளிவரலாயின. தொடங்கியவர்கள் கடப்பை மாவட்டத்தைச் சேர்ந்த பி. நாகிரெட்டியாரும் தெனாலியைச் சேர்ந்த சக்கரபாணியாரும் ஆவர். ‘பாதாள பைரவி’, ‘மாயாபஜார்’ ஆகிய திரைப்படங்களைத் தந்த விஜயா நிறுவனத்தினர் இவர்களே. நாகிரெட்டியார் 1980-களின் முற்பகுதியில் நம் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தலைவராகவும் பணியாற்றினார்.

இதழ் தோன்றிய ஆண்டைக் கருதுக. தெலுங்கரும் தமிழரும் அன்று ஒரே மாகாணத்தில் வாழ்ந்தனர். ஆறு ஆண்டுகளில் மாநிலம் பிரிந்தது. சென்னை யாருக்கு, திருப்பதி யாருக்கு என்று பெரியோர் வழக்காடினர். அக்காலத்திலும் இவ்விரு இதழ்களும் ஒரே அச்சகத்திலிருந்து, பெரும்பாலும் ஒரே கதைகளையும் ஒரே படங்களையும் தாங்கி, மாதந்தோறும் வெளிவந்துகொண்டிருந்தன. பின்னர் கன்னடம், இந்தி முதலிய வேறு மொழிகளிலும் அவ்விதழ் வந்தது. தெலுங்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவ் அவர்கள் 1952 முதல் 1980-இல் மறையும்வரை ஆசிரியப் பொறுப்பேற்று நடத்தினார். கதையின் நடை எளிது. பக்கந்தோறும் ஒரு படம். கதையைப் படத்துக்கு இடம்விட்டு அளந்து அமைத்திருப்பர்.

படம் வரைந்தோரும் சாமானியர் அல்லர். எம்.டி.வி. ஆச்சார்யாவின் மகாபாரதச் சித்திரங்களும், வட்டாதி பாபையாவின் வண்ண அட்டைகளும், ‘சித்ரா’ என்று கையொப்பமிட்டவரின் படங்களும் ஒரு தலைமுறையை வளர்த்தன. நம்மவரான ஓவியர் சங்கர், கே.சி. சிவசங்கரன் என்னும் முழுப்பெயருடையவர், 1924-இல் கொங்கு நாட்டில் பிறந்து, சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, ‘கலைமக’ளில் சில ஆண்டுகள் பணிபுரிந்தபின் இவ்விதழில் சேர்ந்தார். இதழ் நிற்கும் காலம்வரை அவருடைய தூரிகை ஓயவில்லை. 2020-இல், 96-ஆம் வயதில் அவர் மறைந்தார். மறைவுக்குப் பின் 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

நாம் சிறுவராயிருந்தது 1980-களின் இறுதியில், ரேணிகுண்டா ரயில்வே குடியிருப்பில். பள்ளியில் பத்தாம் வகுப்புவரை தெலுங்கிலேயே பயின்றோம். நம் தந்தையார் பணிநிமித்தம் சென்னைக்குச் சென்று திரும்பும்போதெல்லாம், நிலையத்துப் புத்தகக் கடையில் ஓர் ‘அம்புலிமாமா’ வாங்கி வருவார். அண்டை வீட்டுத் தெலுங்குத் தோழனுக்கு ‘சந்தமாமா’ வரும். வாசற்படியில் அமர்ந்து இரண்டையும் அருகருகே விரித்துவைப்போம். அவனுடைய பக்கத்தில் வேதாளம் தொங்கும் முருங்கை மரம் இருக்கும். நம் பக்கத்திலும் அதே மரம் இருக்கும். தெலுங்கில் கதையைப் படித்துவிட்டு, அதே படத்தின் கீழுள்ள தமிழ் வரியை எழுத்தெழுத்தாகக் கூட்டுவோம். பொருள் முன்னமே தெரிந்திருக்கும் ஆதலால், எழுத்து ஒன்றொன்றாகத் தன் ஒலியைக் காட்டிக்கொடுத்துவிடும். தந்தையார் கற்பித்தவை முதற்சில எழுத்துகளே. மற்றவற்றை அந்தப் படங்களின் துணைகொண்டு நாமே கற்றோம். தமிழ் வகுப்பு ஒன்றில்கூட அமராத நாம் இன்று இம்மலரில் தமிழில் எழுதுகிறோமென்றால், அதற்கு அந்த வாசற்படியே காரணம்.

அவ்விதழ் 1998-இல் ஒரு தொழில் தகராறினால் நின்று, 1999-இன் இறுதியில் மீண்டும் எழுந்தது. 2007-இல் மும்பை நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. 2013-க்குள் முற்றிலும் நின்றுவிட்டது. நம் மகள் பிறந்தபோது, நமக்குக் கிடைத்த அந்தத் துணை அவளுக்குக் கிடைக்க வழியில்லாமற் போயிற்று.

குழந்தையைப் பிடித்து நிறுத்துவது எது?

சீட்டு வந்த மறுவாரமே, பளபளக்கும் தாளில் அச்சிட்ட ஒரு தமிழ் அரிச்சுவடியை வாங்கிவந்தோம். பக்கத்துக்கு ஓர் எழுத்து, எழுத்துக்கு ஒரு படம், படத்தின் கீழே அப்பொருளின் பெயர். வண்ணம் குறைவில்லை. மகள் அதனை ஒருமுறை புரட்டினாள், அவ்வளவே. படத்தில் பழம், கீழே பழம் என்று எழுத்து. படத்தைக் கண்டபின் எழுத்தை நாட அவளுக்கு ஒரு தேவையும் இல்லை. ‘அம்புலிமாமா’வில் இருந்தது எது, இதில் இல்லாதது எது என்று ஒப்பிட்டு எண்ணியபோது, சில உண்மைகள் புலனாயின.

முதலாவது, படமும் சொல்லும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுதல் வேண்டும். சொன்னதையே படமும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக் 1963-இல் வெளியிட்ட ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ என்னும் நூல் இதற்குச் சிறந்த சான்று. குறும்பு செய்த சிறுவன் ஒருவன் இரவு உணவின்றி அறைக்கு அனுப்பப்படுகிறான். அவனுடைய அறையே காடாக வளர்கிறது. காடு வளர வளரப் பக்கத்தில் படமும் வளர்ந்து, எழுத்துக்குரிய இடத்தைக் கவ்விக்கொண்டே போகிறது. விலங்குகளோடு அவன் கூத்தாடும் பக்கங்களில் ஒரு சொல்லும் இல்லை. அவன் வீடு திரும்பியபின் வரும் கடைசிப் பக்கத்திலோ படமே இல்லை, சொற்கள் மட்டுமே. படம் பேசும் இடத்தில் சொல் ஒதுங்கவும், சொல் பேசும் இடத்தில் படம் ஒதுங்கவும் அந்நூலாசிரியர் அறிந்திருந்தார்.

இரண்டாவது, பழகிய முகம். காளத்தித் துணியில் நீல நிறம் செய்யும் வேலையை, ‘அம்புலிமாமா’வில் சங்கர் வரைந்த விக்கிரமன் செய்தான். உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்து, மயானத்தில் நடக்கும் அந்த அரசனைக் கண்டதும், எழுத்தறியாத குழந்தைக்கும் கதை எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். மாதந்தோறும் கதை புதிது. கதையின் தொடக்கமும் முடிவும் பழையன. பழகிய வாசல் வழியாகப் புதிய வீட்டுக்குள் நுழையக் குழந்தை அஞ்சுவதில்லை.

மூன்றாவது, விடை காணவேண்டிய ஒரு கேள்வி. வேதாளம் கதை சொல்லி முடித்து ஒரு புதிர் போடும். அங்கே நாமும் தோழனும் இதழை மூடிவைத்துவிட்டு வழக்காடுவோம். டில்லியில் 1957-இல் ஓவியர் சங்கர் பிள்ளை நிறுவிய குழந்தைகள் புத்தக நிறுவனத்தின் ‘மகாகிரி’ என்னும் நூலிலும் இதே உத்தியைக் காணலாம். சாதுவான ஒரு யானை, கம்பத்தைக் குழியில் நடுமாறு ஏவப்படுகிறது, நட மறுக்கிறது. பாகன் எவ்வளவு வருத்தியும் அது இணங்கவில்லை. ஏன் மறுக்கிறது என்று கேட்காத குழந்தை இல்லை. குழிக்குள் ஒரு பூனைக்குட்டி இருந்தது என்பதை அறியும்வரை நூலைக் கீழே வைக்கமாட்டா. கதையை ஹேமலதா எழுத, புலக் பிஸ்வாஸ் படம் வரைந்தார்.

நான்காவது, கைக்கு இசைந்த உருவம். இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார், 1902-இல் வெளிவந்த தம் முயல் கதை சிறு கைகளுக்குத் தக்க சிறு நூலாகவே இருத்தல் வேண்டும் என்று விரும்பினார். எரிக் கார்ல் 1969-இல் செய்த கம்பளிப்புழுக் கதையில், புழு தின்ற பழங்களின் படத்தில் உண்மையாகவே துளைகள் இருக்கும். குழந்தை விரலை விட்டுப் பார்க்கும். குழந்தை கண்ணால் மட்டும் படிப்பதில்லை என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர்.

இவையெல்லாம் இருந்தும், ஐந்தாவதாக ஒன்று இல்லையேல் பயனில்லை. அருகில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். நமக்கு ஒரு தோழன் இருந்தான். மாலையில் தந்தையார் இருந்தார். நல்ல படநூல் இருவர் சேர்ந்து பார்ப்பதற்கென்றே அமைந்தது. ஒருவர் வரியைப் படிக்க, மற்றவர் படத்தைப் படிக்கிறார். படத்தில் நாம் காணத் தவறியதைக் குழந்தை கண்டு நமக்குக் காட்டும்போது, அக்குழந்தை அடையும் பெருமிதம் எந்தப் பரிசினாலும் கிடைப்பதன்று.

பூனையும் பூதமும்

‘அம்புலிமாமா’ நின்றுபோயிற்றே என்று வருந்தியிருந்த நமக்கு, அதன் வழிவந்தோர் இருப்பது பின்னரே தெரிந்தது. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம், ஒரே படநூலைத் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பல மொழிகளில் வெளியிடுகிறது. ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் இந்திய மொழி ஒன்றுமாக இருமொழி நூல்களும் தருகிறது. பெங்களூரில் 2004-இல் தோன்றிய பிரதம் புக்ஸ் அமைப்பும் குறைந்த விலையில் பல மொழிகளில் படநூல் அச்சிடுகிறது. அவ்வமைப்பு 2015 முதல் ஸ்டோரிவீவர் என்னும் இணையதளத்தில் ஏராளமான கதைகளைக் கட்டணமின்றியே வைத்திருக்கிறது.

நாம் சில நூல்களைத் தமிழிலும் தெலுங்கிலும் இரட்டையாக வாங்கி வந்தோம். மகள் முதலில் தெலுங்கு நூலை மடமடவென்று படித்து முடித்தாள். பிறகு தமிழ் நூலை அதனருகில் வைத்தோம். படம் ஒன்றாயிருக்கக் கண்டு அவளாகவே வரிகளை ஒப்பிடத் தொடங்கினாள்.

அப்பொழுது ஒரு சிக்கல் எழுந்தது. அது அன்பர்களுக்கும் பயன்படலாம். தெலுங்கில் ஒலிக்கு ஒலி தனி எழுத்து உண்டு. வல்லோசைக்கு ஒன்று, மெல்லிய ஓசைக்கு மற்றொன்று. தமிழிலோ பூனைக்கும் அதே ‘பூ’. பூதத்துக்கும் அதே ‘பூ’. “ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சொன்னால் நான் எப்படியப்பா கண்டுபிடிப்பேன்?” என்று அவள் கேட்டாள். நாம் விடை தேடித் தடுமாறுகையில், அவளே படத்தைப் பார்த்துவிட்டு, “வால் இருக்கிறது, பூனைதான்” என்று சரியாகப் படித்தாள். பிற மொழியெழுத்துப் பயின்ற குழந்தைக்குத் தமிழ் எழுத்தின் இந்த இயல்பு பெருந்தடையாகத் தோன்றுவதுண்டு. நமக்குப் பழக்கம் காட்டும் வழியை, அவர்களுக்குப் படம் காட்டுகிறது. ‘ழ’வும் ‘ற’வும் இன்னும் அவளுக்குக் கைவரவில்லை, அதனை மறைப்பானேன்?

ஆடி மாதத்தில் ஒருநாள், நம் மேசை அறையிலிருந்த பழைய சீட்டை அவளே தேடி எடுத்து வந்தாள். அதிரசத்தை முதலில் தின்னவும், முறுக்கு பத்து நாள் ஆனாலும் கெடாது என்பதுதான் அதில் எழுதியிருந்தது. அரைமணி நேரம் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தவள், “நான் முறுக்கைத்தானே முதலில் தின்றேன்! நீங்கள் ஏன் அப்பொழுதே படித்துச் சொல்லவில்லை?” என்று கோபித்துக்கொண்டாள். நம்மிடம் மறுமொழி இல்லை.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

கடந்த தை மாதம் முதல், ஞாயிறு மாலைகளில் நம் சங்கத் தாழ்வாரத்தில் ஏழெட்டுக் குழந்தைகளை அமர்த்திப் படநூல் படித்துவருகிறோம். அண்டை வீட்டுத் தெலுங்குக் குழந்தைகளும் வருகின்றனர். அவர்கள் கையில் தெலுங்கு நூல், நம் குழந்தைகள் கையில் தமிழ் நூல், இரண்டிலும் ஒரே படம். எல்லாக் குழந்தைகளும் தமிழ் படிக்கக் கற்றுவிட்டனர் என்று சொல்ல இயலாது. நால்வர் தயக்கமின்றிப் படிக்கின்றனர். மற்றவர் படத்தைப் படித்துக்கொண்டிருக்கின்றனர். அதுவும் படிப்பே என்று நாம் கொள்கிறோம்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு ஒரு படநூலை, தமிழில் ஒன்றும் தெலுங்கில் ஒன்றுமாக, சங்கத்துக்கு அளித்தால் போதும். பணி ஓய்வுபெற்ற பெரியோரும் தாய்மாரும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் வந்து அமர்ந்தால், நூல்களுக்கு உயிர் வரும். ஊருக்குப் போய்வரும் அன்பர்கள், பலகாரத்தோடு ஒரு நூலையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவார்களாக.

இம்மலரின் பக்கங்களை நம் குழந்தைகள் என்றேனும் ஒருநாள் தாமே படித்து, நம் பிழைகளைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்பதே நம் அவா. அதற்கான முதற்படி, இன்று மாலை நம் மடியில் விரிக்கும் ஒரு படநூல்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!